கண்ணாடி பரம்பரைச் சொத்தா?

தோழர்களே, தோ பாயோ அடுக்குமாடியில் இருக்கிற நம்ம சொந்தக்காரர் பிள்ளைகள் பலர் கண்ணாடி போட்டிருப்பதைப் பார்த்திருப்பீர்கள். எல்லாம் பரம்பரை என்று விட்டுவிடாதீர்கள்.

பரம்பரையை அளக்க, ஒரே அச்சான இரட்டையரையும் சாயல் வேறான இரட்டையரையும் ஒப்பிடுவார்கள். இங்கிலாந்தில் 2001இல் அப்படிப் பார்த்ததில், கண்பார்வை ஆளுக்கு ஆள் வேறுபடுவதில் சுமார் 85 சதவிகிதம் பரம்பரை என்று வந்தது. சரிதான். ஆனால் இரட்டையர் ஒரே வீட்டில் வளர்கிறவர்கள். ஊர் மாறினால் என்ன ஆகும் என்பதை அந்தக் கணக்கு சொல்லாது.

அதற்கு வேறு வழி. 2008இல் வந்த ஆய்வில் சீன வம்சத்து 6, 7 வயதுப் பிள்ளைகளை இரண்டு ஊரில் சோதித்தார்கள். தூரத்துப் பொருள் மங்கும் கிட்டப்பார்வை சிங்கப்பூரில் நூற்றுக்கு 29 பேருக்கு, சிட்னியில் 3 பேருக்குத்தான். பெற்றோர் கண்ணில் பெரிய வித்தியாசமில்லை. சிட்னிப் பிள்ளைகள் புத்தகமும் கூடத்தான் படித்தார்கள்! ஆனால் வாரத்தில் சுமார் 14 மணி நேரம் வெளியே இருந்தார்கள். சிங்கப்பூர்ப் பிள்ளைகள் 3 மணிதான்.

பிள்ளைகளைத் தினம் 2 மணி நேரமாவது பகல் வெளிச்சத்தில் விளையாட விடுங்க. கரும்பலகை மங்குகிறது என்றால் உடனே கண் சோதனைக்குக் கூட்டிப் போங்க.