கோபத்தோடு வரும் பெற்றோர்: முதல் பத்து நிமிடங்கள்

சில ஆண்டுகளுக்கு முன், கரும்பு வெட்டு மும்முரமாக நடந்துகொண்டிருந்த தை மாதத்தில் ஒரு திங்கட்கிழமை. காலை வழிபாடு முடிந்து ஆறாம் வகுப்பில் வருகைப்பதிவு எடுத்துக்கொண்டிருந்தேன். ஒரு மூதாட்டி நேராக வகுப்பு வாசலுக்கே வந்துவிட்டார். "இன்னா டீச்சர், எத்தினி வாட்டிதான் அலைய வுடுவீங்க? எம் பேத்திக்கு வர வேண்டிய காசை யாரு தின்னது?" என்று சத்தமாகக் கேட்டார்.

வகுப்பு முழுவதும் என்னையே பார்த்தது. "யாரு தின்னது" என்ற சொல் என்னைச் சுட்டுவிட்டது. "விவரம் தெரியலைன்னா தெரிஞ்சவங்களைக் கூட்டிட்டு வாங்க. இங்க வந்து கத்தாதீங்க" என்று நானும் குரல் உயர்த்தினேன். அவர் முணுமுணுத்தபடியே போய்விட்டார். வென்றுவிட்டதாகத்தான் அப்போது நினைத்தேன். அவருடைய பேத்தி இரண்டாவது வரிசையில் தலை குனிந்து உட்கார்ந்திருந்ததை நான் கவனிக்கவில்லை. மறுநாள் முதல் அவள் பள்ளிக்கு வரவில்லை.

பதினொரு நாட்கள் கழித்து, தலைமை ஆசிரியர் என்னை அழைத்துக்கொண்டு அவர்கள் வீட்டுக்குப் போனார். பெற்றோர் இருவரும் கரும்பு வெட்ட வெளியூர் போயிருந்தார்கள். பாட்டி சொல்லச் சொல்லத்தான் விவரம் புரிந்தது. ஊக்கத்தொகை வரவில்லை என்று வங்கிக்குப் போயிருக்கிறார். ஆதார் பெயரும் பள்ளிப் பெயரும் ஒத்துப்போகவில்லை என்று பள்ளிக்கு அனுப்பியிருக்கிறார்கள். பள்ளியில் இ-சேவை மையத்துக்குப் போகச் சொல்லியிருக்கிறோம். அங்கே ஆதார் சரியாகத்தான் இருக்கிறது என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள். மூன்று நாள் கூலி போனது. பேருந்துச் செலவு வேறு. நான்காவது நாள்தான் என் வகுப்பு வாசலுக்கு வந்திருக்கிறார். நாங்கள் திரும்பி வந்து எமிஸ் தளத்தைப் பார்த்தால், தலைப்பெழுத்தைத் தவறாகப் பதிந்திருந்தது எங்கள் பள்ளிதான். திருத்துவதற்கு ஐந்து நிமிடம் ஆனது.

ஏன் பள்ளிக்கு வரவில்லை என்று அந்தப் பிள்ளையிடம் கேட்டேன். "ஆயாவைத் திட்டினீங்க மிஸ்" என்றாள்.

இந்தக் கட்டுரையை எழுத வைத்தது அந்தப் பதில்தான். பெற்றோரோடு நாம் போடும் சண்டையில் யார் ஜெயித்தாலும், நடுவில் நிற்கும் குழந்தைதான் இழக்கிறது. ஆகவே கோபமாக வருபவரை எப்படி எதிர்கொள்வது என்பதையும் கற்பித்தல் பணியின் ஒரு பகுதியாகவே நாம் பழகிக்கொள்ள வேண்டும்.

கோபம் எங்கிருந்து வருகிறது?

விழுப்புரம்–திண்டிவனம் நெடுஞ்சாலையில் இருக்கிறது முண்டியம்பாக்கம். ஒரு பக்கம் சர்க்கரை ஆலை. இன்னொரு பக்கம் 2010-இல் தொடங்கப்பட்ட அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை. சுற்றிலும் கரும்பும் நெல்லும். நம் பள்ளிக்கு வரும் பெற்றோர் இரவுப் பணி முடித்து வந்தவராக இருக்கலாம். மருத்துவமனையில் உறவினரைச் சேர்த்துவிட்டு வந்தவராக இருக்கலாம். அரை நாள் கூலியை விட்டுவிட்டு வந்தவராகவும் இருக்கலாம். அவர் நம்மீது கொட்டும் கோபம் முழுவதும் நம்மால் வந்ததாக இருக்க வேண்டியதில்லை.

என் அனுபவத்தில் பள்ளிக்கு வரும் கோபத்தை மூன்று வகையாகப் பிரிக்கலாம். முதலாவது, அலைச்சலால் வருவது. ஊக்கத்தொகை, மாற்றுச் சான்றிதழ், பிறந்த தேதித் திருத்தம் போன்றவை இதில் அடங்கும். இரண்டாவது, அவமானத்தால் வருவது. "உங்க பையன் உருப்படமாட்டான்" என்று யாரோ சொன்னது, பிள்ளையைக் கடைசி வரிசைக்கு மாற்றியது, எல்லார் முன்னிலையிலும் கேள்வி கேட்டது போன்றவை. மூன்றாவது, பயத்தால் வருவது. பிள்ளைக்கு அடிபட்டது, நேரத்துக்கு வீடு வரவில்லை, யாரோ மிரட்டுகிறார்கள் என்ற பயம். அலைச்சலுக்கு வேலை முடிய வேண்டும். அவமானத்துக்கு மரியாதை வேண்டும். பயத்துக்குத் தகவல் வேண்டும். வந்திருப்பது எந்த வகை என்று தெரிந்துகொண்டால் பாதிச் சிக்கல் தீர்ந்துவிடும்.

முதல் பத்து நிமிடங்களில் செய்ய வேண்டியவை

1. இடத்தை மாற்றுங்கள். மாணவர் முன்னிலையில் பேச்சைத் தொடர வேண்டாம். "வாங்க, உட்கார்ந்து பேசலாம்" என்று அலுவலக அறைக்கு அழைத்துச் செல்லுங்கள். வகுப்பைப் பக்கத்து ஆசிரியர் பார்த்துக்கொள்ளட்டும். நாற்காலி கொடுங்கள், குடிக்கத் தண்ணீர் கொடுங்கள். நின்றுகொண்டு கத்துவது எளிது. உட்கார்ந்துகொண்டு கத்துவது கடினம். தலைமை ஆசிரியரோ இன்னோர் ஆசிரியரோ உடன் இருப்பது இரு தரப்புக்கும் பாதுகாப்பு.

2. முழுவதும் பேச விடுங்கள். இடையில் புகுந்து "அப்படியில்லை" என்று திருத்தத் தொடங்கினால், அவர் முதலிலிருந்து மறுபடி சொல்வார், இன்னும் சத்தமாக. குறுக்கிடாமல் கேட்டால் பெரும்பாலும் நான்கைந்து நிமிடங்களில் குரல் தானே இறங்கிவிடும். அந்த நேரத்தில் கைப்பேசியைப் பார்க்காதீர்கள், நோட்டுத் திருத்தாதீர்கள்.

3. கேட்டதைத் திருப்பிச் சொல்லுங்கள். "மூணு தடவை அலைஞ்சிருக்கீங்க. பேங்க்ல ஒண்ணு சொன்னாங்க, நாங்க ஒண்ணு சொன்னோம். இன்னும் பணம் வரலை. சரிதானே ஆயா?" என்று கேளுங்கள். நாம் காது கொடுத்துக் கேட்டோம் என்பதற்கு இதுவே சான்று. தவறாகப் புரிந்துகொண்டிருந்தாலும் இந்த இடத்திலேயே தெரிந்துவிடும்.

4. வருத்தம் தெரிவிக்கத் தயங்காதீர்கள். "உங்களுக்கு அலைச்சலாப் போச்சு, வருத்தமா இருக்கு" என்று சொல்வதால் குற்றத்தை ஒப்புக்கொண்டதாக ஆகாது. தவறு நம்முடையது என்று தெரிந்துவிட்டால் அதையும் நேராகச் சொல்லிவிடுவது நல்லது. மறைத்தது பின்னால் தெரியவந்தால் அடுத்த முறை நாம் சொல்லும் உண்மையையும் நம்பமாட்டார்கள்.

5. அடுத்த வேலையையும் நாளையும் சொல்லுங்கள். "பார்க்கலாம்" என்பது பதில் ஆகாது. "பெயரை இன்னைக்கே திருத்திடறேன். வெள்ளிக்கிழமை நானே போன் பண்றேன்" என்பதுதான் பதில். சொன்ன நாளில் வேலை முடியாவிட்டாலும், முடியவில்லை என்று சொல்வதற்காகவாவது அழைத்துப் பேசுங்கள்.

வார்த்தையில் இருக்கும் வித்தியாசம்

"அது எங்க வேலை இல்லை" என்பதற்குப் பதிலாக, "இதை இன்ன இடத்துலதான் செய்ய முடியும், என்னென்ன எடுத்துட்டுப் போகணும்னு எழுதித் தரேன்" என்று சொல்லலாம். "உங்க பையன் எப்பவுமே இப்படித்தான்" என்பதற்குப் பதிலாக, "நேத்து கணக்கு வகுப்புல இது நடந்தது" என்று அந்த ஒரு நிகழ்வை மட்டும் சொல்லலாம். "நீங்க வீட்ல கவனிக்கிறதில்லை" என்பதை எந்த நிலையிலும் தவிர்க்க வேண்டும். பகலெல்லாம் கரும்பு வெட்டிவிட்டு வந்து பிள்ளைக்குச் சோறு பொங்கும் தாயிடம் அதைச் சொல்ல நமக்கு உரிமையில்லை. அவர் நம்மை ஒருமையில் பேசினாலும் நாம் "நீங்க" என்றே பேசுவோம். ஆண்டுதோறும் வெகுளாமை அதிகாரத்தை மனப்பாடம் செய்ய வைக்கும் நாம், அதைக் கடைப்பிடித்துக் காட்ட வேண்டிய நேரம் இது.

புகார் நம்மீதே என்றால்

"எம் புள்ளைய அடிச்சியா?" என்று கேட்டு வருபவர் உண்டு. கல்வி உரிமைச் சட்டம் 2009-இன் பிரிவு 17, உடல்ரீதியான தண்டனையையும் மனரீதியான துன்புறுத்தலையும் தடை செய்கிறது. "நல்லதுக்குத்தானே அடிச்சேன்" என்ற வாதத்துக்கு அதில் இடமில்லை. இத்தகைய புகாரைத் தலைமை ஆசிரியர் விசாரிக்க வேண்டும். புகாருக்கு உள்ளான ஆசிரியர் குழந்தையைக் கூப்பிட்டு, "நான் உன்னை அடிச்சேனா, சொல்லு" என்று பெற்றோர் எதிரில் கேட்கக் கூடாது. எந்தக் குழந்தையாலும் அங்கே உண்மையைச் சொல்ல முடியாது.

பாலியல் தொந்தரவு பற்றிய புகார் என்றால், பள்ளிக்குள் பேசி முடிக்கும் பேச்சுக்கே இடமில்லை. போக்சோ சட்டம் 2012-இன்படி, தெரியவந்தவர் காவல் துறைக்குத் தெரிவிப்பது கட்டாயம். குழந்தைகள் உதவி எண் 1098. பள்ளியின் பெயர் கெட்டுவிடும் என்று தாமதிப்பது குழந்தைக்குச் செய்யும் இரண்டாவது கொடுமை.

எழுத்தில் இருக்கட்டும்

புகார்களுக்கென்று ஒரு பதிவேடு வைத்துக்கொள்ளுங்கள். தேதி, வந்தவர், குறை, எடுத்த நடவடிக்கை, பதில் சொன்ன நாள் என ஐந்து கட்டங்கள் போதும். எழுதத் தெரியாதவர் சொல்வதை நாமே எழுதிப் படித்துக்காட்ட வேண்டும். மனுக்களைப் பெற்ற 3 நாட்களுக்குள் ஒப்புகை தர வேண்டும், ஒரு மாதத்துக்குள் தீர்வோ பதிலோ தர வேண்டும் என்று பணியாளர் மற்றும் நிர்வாகச் சீர்திருத்தத் துறையின் 2015-ஆம் ஆண்டு அரசாணை எண் 99 சொல்கிறது. மாற்றுச் சான்றிதழை உடனே வழங்க வேண்டும் என்கிறது கல்வி உரிமைச் சட்டத்தின் பிரிவு 5. தாமதிக்கும் தலைமை ஆசிரியர் மீது ஒழுங்கு நடவடிக்கை எடுக்கவும் அதில் வழியுண்டு.

நம் பதிலில் நிறைவடையாதவர் மேலே செல்வதற்கும் வழி இருக்கிறது. பிரிவு 32-இன்படி உள்ளாட்சி அமைப்பிடம் எழுத்துப்பூர்வமாகப் புகார் தரலாம். 3 மாதங்களுக்குள் முடிவு சொல்ல வேண்டும். அதன் பிறகு மாநிலக் குழந்தைகள் உரிமைப் பாதுகாப்பு ஆணையத்திடம் மேல்முறையீடு செய்யலாம். பள்ளிக் கல்வித் துறையின் உதவி எண் 14417. இந்த வழிகளை நாமே அவர்களுக்குச் சொல்லலாம். "மேல புகார் பண்ணினா பாரு" என்று மிரட்டும் பள்ளியைவிட, வழியைச் சொல்லித்தரும் பள்ளியின் மீதே பெற்றோருக்கு நம்பிக்கை வரும்.

எல்லை எது?

பொறுமை என்பது எதையும் தாங்கிக்கொள்வது அல்ல. குடித்துவிட்டு வருவது, கை ஓங்குவது, சாதியைச் சொல்லித் திட்டுவது, பெண் ஆசிரியரிடம் ஆபாசமாகப் பேசுவது ஆகியவற்றைக் குறை என்று எடுத்துக்கொள்ள முடியாது. அப்போது முதல் வேலை, பிள்ளைகளை வகுப்புக்குள் பாதுகாப்பாக வைப்பது. தனியாக எதிர்கொள்ளாமல் சக ஆசிரியர்களை அழையுங்கள். "குரலைக் குறைத்தால் பேசலாம், இல்லாவிட்டால் நாளை வாருங்கள்" என்று ஒரு முறை தெளிவாகச் சொல்லுங்கள். மீறினால் 112-ஐ அழையுங்கள். அரசு ஊழியரைப் பணி செய்யவிடாமல் தடுக்கத் தாக்குவது, 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ள பாரதிய நியாய சன்ஹிதாவின் பிரிவு 132-இன்படி குற்றம். ஆனால் அந்தக் காட்சியைப் படம் பிடித்து வாட்ஸ்அப் குழுவில் போடுவதை நாம் செய்யவே கூடாது. அதில் தெரிவது ஒரு மாணவரின் தகப்பன் அல்லது தாய்.

தலைமை ஆசிரியர்களுக்கு ஒரு வேண்டுகோள். சத்தத்துக்குப் பயந்து, விசாரிக்கும் முன்பே ஆசிரியரை எல்லார் எதிரிலும் மன்னிப்புக் கேட்க வைக்காதீர்கள். புதிதாகப் பணியில் சேர்ந்த ஆசிரியர் ஒருவர் அப்படி ஒரு நாளுக்குப் பிறகு எந்தப் பெற்றோரிடமும் மனம்விட்டுப் பேசாமல் ஒதுங்கிப் போனதைப் பார்த்திருக்கிறேன். இரு தரப்பையும் தனித்தனியே கேளுங்கள். அன்று மாலை அந்த ஆசிரியரோடு ஒரு தேநீர் குடியுங்கள்.

வருமுன் செய்ய வேண்டியவை

பள்ளி மேலாண்மைக் குழுவில் நான்கில் மூன்று பங்கினர் பெற்றோராகவும், மொத்தத்தில் பாதிப்பேர் பெண்களாகவும் இருக்க வேண்டும் என்பது சட்டம். அந்தக் கூட்டத்தைக் கையெழுத்து வாங்குவதோடு முடித்துவிடாமல், யாருக்கு என்ன வரவில்லை, ஏன் வரவில்லை என்று பட்டியலைப் பார்க்கும் நாளாக மாற்றலாம். ஆதாரும் வங்கிக் கணக்கும் இணையாத பிள்ளைகளின் வீட்டுக்கு நாமே முதலில் தகவல் சொல்லிவிட்டால், அலைச்சலால் வரும் கோபம் பள்ளி வாசலுக்கு வருவதற்கு முன்பே பெருமளவு குறைந்துவிடும். பிள்ளை நன்றாகச் செய்த நாளிலும் ஒரு முறை போன் செய்யுங்கள். நம் எண்ணைப் பார்த்தாலே "என்ன தப்புப் பண்ணினானோ" என்று பதறும் நிலை மாறும்.

சண்டை முடிந்த மறுநாள் அந்தக் குழந்தையிடம் வழக்கம் போலப் பேசுவதை மறந்துவிடாதீர்கள். "உங்கம்மாகிட்ட சொல்லிடுவியோ?" என்ற ஒரு குத்தல் போதும், அது வாய் மூடிவிடும்.

அந்தப் பேத்தி மறுவாரம் பள்ளிக்கு வந்தாள். நான் வகுப்பில், எல்லாருக்கும் கேட்கும்படி, "உங்க ஆயா சொன்னதுதான் சரி, தப்பு எங்க மேலதான்" என்றேன். எட்டாம் வகுப்பு முடிந்து மாற்றுச் சான்றிதழ் வாங்கப் பாட்டிதான் வந்தார். கைநாட்டு வைக்கும் முன், "பேரும் முன்னால போடற எழுத்தும் சரியாக் கீதான்னு ஒரு வாட்டி படி டீச்சர்" என்றார். இரண்டு முறை படித்துக்காட்டினேன்.