கரப்பானை அடக்குவோம், கையைக் காப்போம்

ஆண்டுதோறும் பால்மரங்கள் இலை உதிர்க்கும் காலம் நம் தோட்டங்களுக்கு வருகின்றது. குளிர் நாடுகளில் பனிக்காலத்தில் மரங்கள் மொட்டையாகி நிற்பதைப் போல, இங்கு ஆண்டின் தொடக்கத்து வறட்சியில் நம் பால்மரங்கள் நிற்கின்றன. அந்நாடுகளில் பனிக்காலத்து உலர்ந்த காற்றுப் பட்டதும் பலருக்குக் கரப்பான் என்னும் தோல் நோய் சீறி எழும். நமக்குப் பனிக்காலம் இல்லை. ஆயினும் கரப்பான் நம்மை விட்டுவிடவில்லை. வறண்ட மாதங்களில் தோல் வெடிப்பதும், ஆண்டிறுதி மழையில் ஈரத்திலேயே உழன்று அரிப்புக் காண்பதும் நம்மிடையே புதியன அல்ல.

பால் வெட்டுவோருக்குக் கையே மூலதனம். விரல் நுனி வெடித்துவிட்டால் உளியை இறுகப் பிடிக்க இயலாது. ஒரு நாள் பெரட்டுக்குப் போகாவிட்டால் அன்றைய கூலி போயிற்று. இரவெல்லாம் சொறியும் குழந்தை தானும் உறங்காது, பெற்றோரையும் உறங்க விடாது. ஆகவே, இந்நோயை அடக்கி வைக்கும் வழிகளை நாம் அனைவரும் அறிந்திருத்தல் நலம்.

கரப்பான் என்பது யாது?

தோல் நம் உடலுக்கு ஒரு மதில். உள்ளே இருக்கும் ஈரத்தை வெளியே விடாமலும், வெளியே இருக்கும் நச்சுப் பொருள்களை உள்ளே விடாமலும் அது காக்கின்றது. சிலருக்குப் பிறவியிலேயே இம்மதில் சற்றுப் பலவீனமாக அமைந்துவிடுகின்றது. தோலுக்கு உறுதி தரும் பிலாக்ரின் என்னும் புரதம் குறைவாக இருப்பது இதற்கு ஒரு முக்கியக் காரணம் என்பதை 2006-ஆம் ஆண்டில் ஆராய்ச்சியாளர்கள் கண்டறிந்தனர். இத்தகையோரின் குடும்பத்தில் ஆஸ்துமா, அடுக்குத் தும்மல் ஆகியவையும் காணப்படுவதுண்டு.

இன்னும் சிலருக்குப் பிறவியில் குறை ஏதும் இல்லை. ஆயினும் ஓயாத ஈரம், சோப்பு, அமிலம், களைக்கொல்லி ஆகியவை நாள்தோறும் பட்டுப்பட்டு மதில் இடிந்துவிடுகின்றது. எவ்வகையாயினும் விளைவு ஒன்றே: தோல் காய்ந்து, சிவந்து, அரிக்கும். சொறியச் சொறியத் தோல் மேலும் கிழியும். கிழியக் கிழிய அரிப்பு மேலும் மிகும். இச்சுழலை அறுப்பதே வைத்தியத்தின் நோக்கம்.

கரப்பான் ஒட்டுவாரொட்டி நோயன்று. ஒரே பாயில் படுப்பதாலோ, ஒரே தட்டில் உண்பதாலோ இது பரவாது. கரப்பான் கண்ட குழந்தையை ஆயாக்கொட்டகையில் ஒதுக்கி வைப்பதும், பள்ளியிலிருந்து நிறுத்துவதும் தவறு. ஆனால், வீட்டிலுள்ளோர் பலருக்கும் ஒருசேர இரவில் அரிப்புக் கண்டால் அது சொறி சிரங்காக இருக்கலாம். வட்ட வட்டமாக, ஓரம் தடித்துப் பரவினால் அது படையாக இருக்கலாம். இவ்விரண்டும் பிறருக்குத் தொற்றக்கூடியவை. இவற்றுக்கு மருந்தும் வேறு. எனவே, இன்ன நோய் என்பதை மருத்துவர் பார்த்துக் கூறுதல் வேண்டும்.

வேலையில் கவனிக்க வேண்டியவை

பால் கெடாதிருக்கச் சேர்க்கும் அம்மோனியாவும், பாலை உறைய வைக்கும் பார்மிக் அமிலமும் தோலைப் புண்ணாக்க வல்லவை. அமிலம் மேலே பட்டால் துணியால் துடைத்துவிட்டு இருந்துவிடலாகாது. உடனே அது பட்ட உடையைக் களைந்து, ஓடும் நீரில் 20 நிமிடமாவது கழுவுதல் வேண்டும்.

கையில் ஒட்டிய பாலை நீக்க மண்ணெண்ணெயோ பெட்ரோலோ தேய்ப்பதைக் கைவிடுவோம். அவை பாலோடு தோலின் எண்ணெய்ப் பசையையும் சேர்த்து நீக்கிவிடும். பால் காய்ந்த பின் உரித்து எடுத்து, எஞ்சியதைச் சிறிது தேங்காய் எண்ணெய் தடவி உருட்டி எடுக்கலாம்.

அமிலம் கலக்கும்போதும், மருந்து தெளிக்கும்போதும் கையுறை இன்றியமையாதது. உள்ளே மெல்லிய பருத்திக் கையுறையும் அணிந்தால் வியர்வை தோலைக் கெடுக்காது. உட்புறம் நனைந்த கையுறையைத் தொடர்ந்து அணிவது, அணியாதிருப்பதைவிடத் தீது. ரப்பர்க் கையுறையே சிலருக்கு அரிப்பை உண்டாக்கும். அவர்கள் நைட்ரில் கையுறையைக் கேட்டுப் பெறுதல் நன்று. வேலைக்குச் செல்லுமுன் மோதிரத்தைக் கழற்றிவிடுங்கள். அதன் அடியில் தங்கும் ஈரமும் சோப்பும் பல வேளைகளில் கரப்பானுக்குத் தொடக்கமாகின்றன.

குளியலும் களிம்பும்

அரிப்புக்கு வெந்நீர் இதமாகத் தோன்றும். ஆனால், அது தோலை மேலும் உலர்த்திவிடும். வெதுவெதுப்பான நீரில் ஐந்து முதல் பத்து நிமிடத்துக்குள் குளித்து முடிப்பதே ஏற்றது. மணமுள்ள சோப்பையும், துணி துவைக்கும் சோப்பையும் தவிர்த்து, மிதமானதைக் குறைவாகப் பயன்படுத்துங்கள்.

குளித்தபின் துண்டால் தேய்க்காமல் ஒற்றி எடுத்து, உடல் சற்று ஈரமாக இருக்கும்போதே வெள்ளை வாசலின் போன்ற மணமற்ற களிம்பைப் பூசுங்கள். இதனை அரிப்பு இல்லாத நாள்களிலும் செய்து வருதல் வேண்டும். சுவர் இடிந்த பின்னர் பூசுவதைவிட, இடியாமற் பூசுவதே மேல் அன்றோ? கை வெடித்தவர்கள் இரவில் களிம்பைத் தாராளமாகப் பூசிப் பருத்திக் கையுறை அணிந்து உறங்கலாம். களிம்பு ஊறிய துணியில் தீ எளிதிற் பற்றும். ஆதலால் அடுப்புக்கும் புகைபிடிப்போருக்கும் அருகில் எச்சரிக்கையாக இருப்பீர்களாக.

மழையில் நனைந்தாலும், வியர்வையில் ஊறினாலும் வீடு திரும்பியதும் உடையை மாற்றிவிட வேண்டும். குழந்தைகளின் நகத்தைக் குறுக வெட்டி, மெல்லிய பருத்தி உடையே அணிவியுங்கள்.

மருந்தை அஞ்சவும் வேண்டா, மீறவும் வேண்டா

கரப்பான் சீறும் நாள்களில் மருத்துவர் ஸ்டீராய்டு களிம்பு தருவார். முகத்துக்கு மென்மையானதும், தடித்த கைத்தோலுக்கு வலியதுமாக அது வேறுபடும். ஒருவருக்குத் தந்ததை மற்றவர் பூசுவதும், கைக்குத் தந்ததை முகத்தில் பூசுவதும் கூடா. ஆள்காட்டி விரலின் நுனியிலிருந்து முதற்கணு வரை பிதுக்கிய களிம்பு, பெரியவர் ஒருவரின் விரல்களோடு கூடிய இரண்டு உள்ளங்கை அளவு இடத்துக்குப் போதும். சொன்ன நாள் வரை பூசுங்கள். அஞ்சி இடையில் நிறுத்தினால் நோய் மீண்டும் எழும். கேளாமல் மாதக்கணக்கில் பூசினால் தோல் மெலிந்துபோகும். படையின் மேல் இக்களிம்பைப் பூசினால் அது மறைந்ததுபோல் தோன்றிப் பின்னர் அகலப் பரவும்.

கரப்பான் பண்டம் என்று கருதிக் கத்திரிக்காய், கருவாடு, மீன், முட்டை அனைத்தையும் குழந்தைக்கு நிறுத்திவிடுவோர் உளர். குறிப்பிட்ட ஓர் உணவை உண்டதும் தடிப்போ வீக்கமோ உண்டானால் அதை மருத்துவரிடம் கூறுங்கள். காரணமின்றி எல்லாவற்றையும் நிறுத்தினால் அரிப்பு நீங்காது. குழந்தையின் வளர்ச்சிதான் குன்றும். புண்ணான தோலில் அரைத்த இலையையோ, சாம்பலையோ, சுண்ணாம்பையோ அப்புவதும் தீமையே பயக்கும்.

எப்பொழுது விரைந்து செல்ல வேண்டும்?

புண்ணில் சீழோ மஞ்சள் நிறப் பொருக்கோ கண்டாலும், சுற்றிலும் சிவந்து சுட்டாலும், காய்ச்சல் வந்தாலும் கிருமி புகுந்துவிட்டது என்று கொள்ளலாம். வலியுடன் கூடிய சிறு கொப்புளங்கள் கொத்தாகத் திடீரெனத் தோன்றினால், அது உயிருக்கே இடர் தரலாம். அன்றே மருத்துவமனைக்குச் செல்லுங்கள்.

விடுப்பு நாள்களில் ஆறி, வேலைக்குத் திரும்பியதும் மீண்டும் எழும் கரப்பான் வேலையினால் வந்ததாக இருக்கலாம். இதனை மருத்துவரிடமும் தோட்ட நிர்வாகத்திடமும் தயங்காமல் கூறுங்கள். தொழிலாளரின் பாதுகாப்பைப் பேணும் கடமையை 1994-ஆம் ஆண்டின் வேலையிடப் பாதுகாப்பு, சுகாதாரச் சட்டம் முதலாளிமார் மீது சுமத்தியுள்ளது. தொழிலால் வரும் நோய்களுக்கு 1969-ஆம் ஆண்டுச் சமூகப் பாதுகாப்புச் சட்டத்தின்கீழ் சொக்சோவிடம் விண்ணப்பிக்கவும் வழியுண்டு. எந்த வேலையில், எந்த நாளில் அரிப்பு எழுந்தது என்பதைக் குறித்து வைத்தால் அது அப்போது பயன்படும்.

கரப்பானை வேரோடு களையும் மருந்து இன்னும் இல்லை. ஆயினும், அதனை அடக்கி வைத்து நிம்மதியாக வாழலாம். பட்டையை ஆழ வெட்டி மரத்தைக் காயப்படுத்தலாகாது என்று பழகிய நாம், நம் தோலிடத்தும் அதே பரிவைக் காட்டுவோமாக.