மலிவு கன்வர்ட்டர் எப்போது போதும்?

அமெரிக்காவில் 1969 கமரோ மாதிரிப் பழைய வி8 கார் வைத்திருப்பவர்கள் பெரும்பாலும் ஒரே வரிசையில்தான் செலவு செய்வார்கள். முதலில் கார்பரேட்டர், அடுத்து எக்ஸாஸ்ட், பிறகு கொஞ்சம் பெரிய கேம்ஷாஃப்ட். கேம் மாற்றியதும் மேல் வேகத்தில் எஞ்சின் பிய்த்துக்கொண்டு போகும். ஆனால் சிக்னலில், டிரைவ் கியரில் நிற்கும்போது குலுங்கிக் குலுங்கி அணைந்துவிடும். பச்சை விழுந்தாலும் வண்டி சோம்பல் முறிக்கும். "ஸ்டால் கன்வர்ட்டர் போடு" என்பார்கள் நண்பர்கள். கடைக்குப் போனால் அதே டர்போ 350 கியர்பாக்ஸுக்குச் சில நூறு டாலரில் ஒன்று கிடைக்கும். அதைப் போல மூன்று மடங்கு விலையில் இன்னொன்றும் இருக்கும். இரண்டு பெட்டியிலும் 2500 என்றே எழுதியிருக்கும். வெளியே எடுத்துப் பார்த்தால் பெயின்ட்டைத் தவிர வித்தியாசம் தெரியாது.

டார்க் கன்வர்ட்டர் என்பது எஞ்சினுக்கும் ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸுக்கும் நடுவே, கிளட்சின் இடத்தில் உட்காரும் பாகம். ஓடுகிற மின்விசிறிக்கு எதிரே ஓடாத விசிறி ஒன்றை வைத்தால், காற்று பட்டு அதுவும் சுற்றத் தொடங்கும் அல்லவா? இங்கே காற்றுக்குப் பதில் ஆயில். எஞ்சினோடு சுற்றும் இம்பெல்லர் ஆயிலை வீசும். கியர்பாக்ஸ் ஷாஃப்டில் மாட்டிய டர்பைன் அதை வாங்கிச் சுற்றும். நடுவில் ஸ்டேட்டர் என்று ஒரு சின்னச் சக்கரம். டர்பைனிலிருந்து திரும்பி வரும் ஆயிலை மடக்கி, எஞ்சின் சுற்றும் திசையிலேயே இம்பெல்லருக்குள் அனுப்புவது அதன் வேலை. வண்டி கிளம்பும் நொடியில் எஞ்சினின் முறுக்குவிசை ஏறக்குறைய இரண்டு மடங்காகிக் கியர்பாக்ஸுக்குள் போவது இந்தச் சின்னச் சக்கரத்தால்தான். ஜெர்மனியின் ஹெர்மன் ஃபோட்டிங்கர் 1905-இல் கப்பல்களுக்காகக் காப்புரிமை வாங்கிய யோசனை இது. கார்க்காரர்கள் பின்னால்தான் பிடித்துக்கொண்டார்கள்.

டர்பைனை அசையாமல் பிடித்துக்கொண்டு ஆக்சிலரேட்டரை முழுக்க மிதித்தால், எஞ்சின் ஓரளவு வேகம் வரை ஏறி, அதற்கு மேல் ஏற முடியாமல் நிற்கும். அதுதான் ஸ்டால் வேகம். பெரிய கேம் போட்ட எஞ்சினுக்குக் கீழ் வேகத்தில் உயிரே இருக்காது. அது விழித்துக்கொள்ளும் வேகம் வரை தடையில்லாமல் ஏற விடுவதற்குத்தான் ஸ்டால் கூடிய கன்வர்ட்டர்.

பெட்டியில் போட்டிருக்கும் எண்ணை அப்படியே நம்பக்கூடாது. ஸ்டால் வேகம் கன்வர்ட்டருக்கு மட்டும் சொந்தமானதல்ல. பின்னாலிருந்து தள்ளும் எஞ்சினைப் பொறுத்தது. முறுக்குவிசையின் வர்க்கமூலத்தோடு அது ஏறி இறங்கும். 350 பவுண்டு-அடி தரும் எஞ்சினில் 2500 ஆர்பிஎம்மில் நிற்கும் கன்வர்ட்டரை, 250 பவுண்டு-அடி தரும் களைத்த எஞ்சினில் மாட்டினால் 2100 பக்கம்தான் நிற்கும். 450 தரும் எஞ்சினில் 2800-ஐத் தாண்டும். பட்ஜெட் கன்வர்ட்டர் எல்லாருக்கும் ஒரே மாதிரி செய்து அலமாரியில் வைப்பது. விலை கூடியதைச் செய்பவர் உங்கள் காரின் எடை, கேம் அளவு, ஆக்சில் விகிதம், டயர் உயரம், தினமும் ஓட்டுவீர்களா என்பதையெல்லாம் கேட்டு எழுதிக்கொண்டுதான் உள்ளே கை வைப்பார். என்னைக் கேட்டால் கூடுதல் பணத்தில் பாதி இந்தக் கேள்விகளுக்கே போகிறது, போகவும் வேண்டும். ஒரு கேள்வியும் கேட்காமல் பெரிய விலை சொல்பவரிடம் வாங்குவதைவிட மலிவானதையே வாங்கலாம்.

மீதிப் பணம் உள்ளே இருக்கிறது. மலிவானவை பெரும்பாலும் பழைய கம்பெனி கன்வர்ட்டரை அறுத்துத் திறந்து, தேய்ந்ததை மாற்றி, மறுபடி வெல்டிங் செய்தவை. ஸ்டாலை ஏற்ற வேண்டுமானால் இம்பெல்லரின் இதழ்களைக் கொஞ்சம் வளைத்துவிடுவதும் உண்டு. எண் கிடைத்துவிடும், ஆனால் எல்லா வேகத்திலும் வழுக்கும். விலை கூடியதில் விட்டத்தையே குறைத்து, 12 அங்குலத்துக்குப் பதில் 10 அல்லது 9½ அங்குல உடம்பில், எஞ்சினுக்கு ஏற்ற கோணமுள்ள ஸ்டேட்டரைத் தேர்ந்து போடுவார்கள். இதழ்களை மடக்கிப் பிடிப்பதோடு விடாமல், உலையில் வைத்துப் பற்றவைத்து ஒரே துண்டாக்குவார்கள். வாஷர் இருந்த இடத்தில் ஊசி பேரிங் வரும். அழுத்தத்தில் உடம்பு ஊதிப் பெருக்காமல் தடுக்கத் தடித்த தகடு வரும்.

ஊதுவது சின்ன விஷயம் இல்லை. அதிக ஆர்பிஎம்மில் உள்ளே அழுத்தம் ஏறும்போது கன்வர்ட்டர் முன்னும் பின்னும் விரிந்து கிராங்க்ஷாஃப்டைத் தள்ளும். அதன் த்ரஸ்ட் பேரிங் தேய்ந்தால் எஞ்சினையே இறக்க வேண்டிவரும். ஆனால் ஒன்று: நைட்ரஸ், டர்போ, 6000-க்கு மேல் போகும் எஞ்சின் இல்லாதவர் இந்தப் பயத்துக்காகப் பணம் கொடுக்க வேண்டியதில்லை.

தினமும் ஓட்டுகிறவர் பார்க்க வேண்டியது நெடுஞ்சாலையைத்தான். 26 அங்குல டயரும் 2.73 ஆக்சிலும் இருந்தால், மணிக்கு 65 மைலில் எஞ்சின் சுமார் 2300 ஆர்பிஎம்மில் ஓடும். 3.73 ஆக்சில் என்றால் 3100-ஐத் தாண்டும். முதல் காரில் 3000 ஸ்டால் மலிவு கன்வர்ட்டரைப் போட்டால் அது முழுசாகப் பிடித்துக்கொள்ளவே செய்யாது. வழுக்கிக்கொண்டே போகும், வழுக்குவது அத்தனையும் ஆயிலில் சூடாக இறங்கும். நன்றாகச் செய்ததும் சுமையில் 3000 வரை பாயும். ஆனால் லேசாக மிதித்து ஓட்டும்போது இறுக்கமாக நடந்துகொள்ளும். சாலையில் ஓடும் காருக்கு விலை வித்தியாசத்தை நியாயப்படுத்தும் ஒரே குணம் என்று நான் நினைப்பது இதைத்தான்.

1982-இல் வந்த 700-ஆர்4 மாதிரி ஓவர்டிரைவ் கியர்பாக்ஸ் என்றால் கணக்கு கொஞ்சம் மாறும். 0.70 விகிதத்தால் 3.73 ஆக்சிலிலும் எஞ்சின் 2200-க்கு இறங்கிவிடும். அங்கே வழுக்கலை நிறுத்துவது கன்வர்ட்டருக்குள் இருக்கும் லாக்கப் கிளட்ச். அது இல்லாத கன்வர்ட்டரை, அல்லது வயரிங் போடாமல் விட்ட லாக்கப்பை வைத்துக்கொண்டு நெடுஞ்சாலையில் போவது கியர்பாக்ஸை வேகவைப்பதற்குச் சமம்.

அதனால், லேசான கேம், 300 குதிரைத்திறன் சுற்றுவட்டாரம், 2000 முதல் 2400 வரை ஸ்டால், வார இறுதி ஓட்டம் என்றால் பேர் தெரிந்த கம்பெனியின் பட்ஜெட் கன்வர்ட்டர் தாராளமாகப் போதும். மிச்சமாகும் பணத்தில் தனி ஆயில் கூலர் வாங்கி ரேடியேட்டருக்கு முன்னால் மாட்டுங்கள். வெப்பமானியும் ஒன்று வைத்துவிட்டால் ஆயில் 90 டிகிரி செல்சியஸ் பக்கம் நிற்கிறதா என்று ஓட்டும்போதே தெரியும். கூலர் இல்லாத விலையுயர்ந்த கன்வர்ட்டரைவிட, கூலரோடு உள்ள மலிவானது அதிக நாள் வாழும்.

ஸ்டால் 2800-ஐத் தாண்டுகிறது, கார் கனமானது, எஞ்சினுக்கு டர்போ உண்டு, ஓவர்டிரைவோடு தினமும் ஆபீஸ் போகிறீர்கள்: இவற்றில் ஒன்று இருந்தாலே விலை கூடியதைப் பாருங்கள். மலிவானது உடைந்தால் தனியாகச் சாவதில்லை. அதன் உலோகத் தூள் ஆயிலோடு கியர்பாக்ஸ் முழுக்கச் சுற்றி, அதையும் இழுத்துக்கொண்டு போகும். வாங்கும்போதே இன்னொன்றைக் கேளுங்கள்: மாட்டிப் பார்த்து ஸ்டால் சரிவரவில்லை என்றால் திறந்து திருத்தித் தருவாரா? நல்ல பட்டறைகளில் சில முதல் தடவை இலவசமாகவோ குறைந்த கூலிக்கோ செய்து தருகின்றன.

எதை வாங்கினாலும் மாட்டுவதற்கு முன் உள்ளே ஒரு குவார்ட் ஆயில் ஊற்றுங்கள். கன்வர்ட்டரைக் கையால் சுற்றிச் சுற்றித் தள்ளினால் படிப்படியாக உள்ளே விழும். கியர்பாக்ஸை எஞ்சினோடு முடுக்கிய பிறகும் அது தடையில்லாமல் சுற்ற வேண்டும். ஃப்ளெக்ஸ்பிளேட்டுக்கும் அதற்கும் நடுவே 1/8 அங்குலம் இடைவெளி தெரிய வேண்டும். இடைவெளியே இல்லையென்றால் அது கியர்பாக்ஸின் பம்புக்குள் இன்னும் உட்காரவில்லை. போல்ட்டை இறுக்கிச் சரிசெய்யப் பார்க்காதீர்கள். எல்லாவற்றையும் கழற்றி மறுபடி மாட்டுங்கள். இறுக்கினால் எஞ்சினை ஸ்டார்ட் செய்வதற்குள்ளேயே பம்ப் உடைந்திருக்கும்.