சேலம், நாமக்கல் பகுதியின் கலைக் காலம்

சேலம், நாமக்கல் பகுதியின் கலை நிகழ்ச்சிகள் பெரும்பாலும் தமிழ் மாதக் கணக்கையும் கோயில் திருவிழாக்களையும் ஒட்டியே நடக்கின்றன.

அறுவடை முடிந்து நிலம் ஓய்ந்திருக்கும் பங்குனி, சித்திரை மாதங்கள் தெருக்கூத்துக்கு உரியவை. ஊர்ப் பொதுவில் இரவு தொடங்கும் ஆட்டம் விடியும்வரை நீளும். பாரத, இராமாயணக் கதைகளே பெரிதும் ஆடப்படுகின்றன. மத்தளம், முகவீணை, ஆர்மோனியம், தாளம் ஆகியவை பக்கவாத்தியங்கள். வேடக்காரர்கள் மரத்தில் செய்த கிரீடமும் புஜக்கட்டையும் அணிவர். கட்டியங்காரன் கதையை நகர்த்துவதோடு உள்ளூர் நடப்பையும் கேலி செய்வான். மே மாதத்தில் ஏற்காடு கோடை விழாவில் மலர்க் கண்காட்சியுடன் கலை நிகழ்ச்சிகளும் இடம்பெறும்.

ஆடி பிறந்ததும் சேலம் நகரம் களைகட்டும். கோட்டை மாரியம்மன் கோயிலிலும் நகரின் பிற மாரியம்மன் கோயில்களிலும் திருவிழா நடக்கும். குகை, அம்மாப்பேட்டை பகுதிகளின் சிறப்பு வண்டி வேடிக்கை: அலங்கரித்த வண்டிகளில் தெய்வ, புராண வேடமிட்டவர்கள் காட்சிகளாக நின்று ஊர்வலம் வருவர்.

அதே மாதம் 17, 18 தேதிகளில், அதாவது ஆகஸ்ட் தொடக்கத்தில், கொல்லிமலையில் அரசு சார்பில் வல்வில் ஓரி விழா நடைபெறுகிறது. கடையெழு வள்ளல்களில் ஒருவரான ஓரியின் நினைவாக வில்வித்தைப் போட்டியும் மலைவாழ் மக்களின் நடனங்களும் நடக்கும்.

கோயில் விழாக்களின் ஆங்கிலத் தேதி ஆண்டுதோறும் மாறும். எனவே பயணத்துக்கு முன் கோயில் அறிவிப்பையும் மாவட்ட நிர்வாகத்தின் செய்திக்குறிப்பையும் பார்த்துக்கொள்வது நல்லது.