மின் பாதுகாப்பு விதிகள்: நகராட்சி இல்லாத பாம்பூஃப்ளாட்டுக்கும் பொருந்துமா?

பாம்பூஃப்ளாட்: ஸ்ரீ விஜயபுரத்துக்கு (போர்ட் பிளேர்) எதிர்க்கரையில் உள்ள பாம்பூஃப்ளாட், 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் நகரமாக வகைப்படுத்தப்பட்டது. ஆனால், அதற்கெனத் தனி நகராட்சி இல்லை. எனினும், அங்குள்ள வீடுகளுக்கும் மின் பாதுகாப்பு விதிகள் பொருந்தும்.

இந்திய தர நிர்ணய அமைவனத்தின் 2016 தேசிய கட்டட விதித்தொகுப்பு ஒரு முன்மாதிரியே. மாநில அரசோ உள்ளாட்சி அமைப்போ உள்ளூர்ச் சூழலுக்கேற்பத் திருத்தி ஏற்ற பின்னரே அது கட்டாயமாகிறது.

மாறாக, 2003-ஆம் ஆண்டு மின்சாரச் சட்டத்தின்கீழ் மத்திய மின்சார ஆணையம் 2023-இல் வெளியிட்ட பாதுகாப்பு ஒழுங்குமுறைகள் நாடு முழுவதையும் கட்டுப்படுத்துகின்றன. அவற்றின்படி, குறிப்பிட்ட மின்சுமைக்கு மேற்பட்ட வீட்டு இணைப்புகளில் நிலக்கசிவுப் பாதுகாப்புக் கருவி (ஆர்.சி.டி.) பொருத்தப்பட வேண்டும். கசிவு 30 மில்லி ஆம்பியரைத் தாண்டுவதற்குள் அது மின்சாரத்தைத் துண்டிக்க வேண்டும்.

அதற்கு மேற்பட்ட மின்னோட்டம் உடலில் பாய்ந்தால் இதயத் துடிப்பு சீர்குலையலாம். வழக்கமான எம்.சி.பி. இவ்வளவு சிறிய கசிவை உணராது.

உப்புக்காற்றும் கனமழையும் உள்ள தீவுகளில் 'எர்த்' இணைப்புகள் விரைவில் துருப்பிடிக்கும். துருப்பிடித்த இணைப்பு கசியும் மின்சாரத்தை நிலத்துக்குள் முறையாகக் கடத்தாது. இணைப்புகளைக் குறித்த காலத்தில் சோதிப்பது போன்ற கூடுதல் நிபந்தனைகளைச் சேர்க்கவே உள்ளூர்த் திருத்தம் பயன்படுகிறது.

ஆர்.சி.டி. கருவியிலுள்ள சோதனைப் பொத்தானை அழுத்தினால் மின்சாரம் உடனே நிற்க வேண்டும். நிற்காவிட்டால், உரிமம் பெற்ற மின்பணியாளரை அழைத்துச் சரிசெய்ய வேண்டும்.