அலையும் எண்ணும்

விரைந்து அதிரும் மின்னலையை அளந்தறிதற்கு இக்காலக் கருவிகள் அதனை எண்களாக மாற்றுகின்றன. இலக்கமுறை அலைவுகாட்டி, தொடர்ந்து மாறும் மின்னழுத்தத்தைச் சம இடைவேளைகளில் மாதிரி எடுக்கின்றது. ஒவ்வொரு மாதிரியையும் அதற்குக் கிட்டிய படியின் எண்ணாகப் பதிகின்றது. எட்டுத் துவித இலக்கங்கள் கொண்ட மாற்றியில் இத்தகைய படிகள் 256 உள.

மாதிரிகளை எத்துணை விரைவில் எடுத்தல் வேண்டும்? அலையிலுள்ள மிகவுயர்ந்த மீடிறனின் இருமடங்கினும் கூடிய வீதத்தில் என்பதே விதி. 1928இல் நைக்குவிஸ்ற் என்பார் தந்திச் செய்தி பற்றிய ஆய்வில் இதற்கு அடிகோலினார். 1949இல் ஷனன் இதனைத் தெளிவுற நிறுவினார்.

இவ்விதி மீறப்படின் விளைவது யாது? செக்கனுக்கு 9 கோடி முறை அதிரும் அலையிலிருந்து செக்கனுக்கு 10 கோடி மாதிரிகள் எடுப்பின், திரையில் 1 கோடி முறை அதிரும் அலையே தோன்றும். அத்தோற்றம் ஒழுங்கானது, ஆயினும் பொய். எண்ணாகிய பின்னர் மெய்யலையையும் பொய்யலையையும் வேறுபடுத்தும் குறி அவ்வெண்களில் இல்லை. ஆதலின், உயர் மீடிறன்களைத் தடுக்கும் வடிகட்டி மாற்றிக்கு முன்னரே அமைதல் வேண்டும்.

ஐயம் தோன்றுமிடத்து அளப்போன் மாதிரி வீதத்தை மாற்றிப் பார்த்தல் நன்று. அதனோடு திரையிற் காணும் மீடிறனும் மாறுமாயின், அது பொய்யலையே எனத் துணியலாம்.