போன் உங்களுடையது, இணைப்பு யாருடையது?

மடக்கு போனுக்குள் ஒரு குட்டிக் கம்ப்யூட்டர்! 2003-இல் அமெரிக்காவின் ஸ்பிரிண்ட் நிறுவனம் விற்ற சாம்சங் எஸ்பிஎச்-ஐ500 அப்படிப்பட்டது. உள்ளே பாம் ஓஎஸ். முகவரி, டைரி, குறிப்புகள் எல்லாவற்றையும் குச்சியால் திரையில் எழுதலாம்.

நினைவகம் 16 எம்பிதான். மெமரி கார்டு செருக இடமில்லை. தகவல்கள் ராம் நினைவகத்தில் இருந்ததால் பேட்டரி முழுவதும் தீர்ந்தால் அழிந்துவிடும். 'ஹாட்சிங்க்' செய்து கம்ப்யூட்டரில் பிரதி வைத்தவர்களுக்குக் கவலையில்லை. மற்றவர்கள் எல்லாவற்றையும் மறுபடி எழுத வேண்டியதுதான்.

இது சிடிஎம்ஏ போன். சிம் கார்டு கிடையாது; எண்ணும் கணக்கும் போனிலேயே பதிவாகும். சேவை பிடிக்கவில்லை என்று கார்டை மாற்றிப் போட முடியாது. 2020-இல் ஸ்பிரிண்ட், டி-மொபைலுடன் இணைந்தது. 2022-இல் அதன் சிடிஎம்ஏ சேவை நிறுத்தப்பட்டது. பழுதில்லாத போனும் இனி வெறும் டைரிதான்!

எனவே போன் வாங்கும் முன் கடைக்காரரிடம் இரண்டு கேள்விகள் கேளுங்கள். வேறு நிறுவன சிம் போட்டால் வேலை செய்யுமா? தகவல்களை பேக்கப் எடுப்பது எப்படி?